அப்பா அம்மாவோடு கெஷ்ரீபென்ஷ்டைன் கோபுரம்: ஆஸ்திரியப் பக்கமா, ஹங்கேரியப் பக்கமா?

டான்யூப்_கரை எழுதியது:

வணக்கம். வியன்னாவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா செப்டம்பர் கடைசியில் வருகிறார்கள், அக்டோபர் பாதி வரை இருப்பார்கள். அரண்மனை, அருங்காட்சியகம், ஏரிக்கரை எல்லாம் ஏற்கெனவே திட்டத்தில் உண்டு. ஆனால் அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வெறுமனே அழகாக இருக்கிற இடத்தைவிட "இங்கே என்ன நடந்தது" என்று கேட்க முடிகிற இடம்தான் அவருக்குப் பிடிக்கும்.

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பூர்கன்லாந்துக்காரர் ஒருவர் கெஷ்ரீபென்ஷ்டைன் மலையைப் பற்றிச் சொன்னார். 884 மீட்டர், பூர்கன்லாந்து மாநிலத்திலேயே உயரமான இடம், உச்சியில் ஒரு பழைய கல் கோபுரம், ஆஸ்திரியா ஹங்கேரி எல்லை அந்தக் கோபுரத்துக்கு நடுவிலேயே போகிறது என்றார். இதை அப்பாவிடம் போனில் சொன்னதுமே, "எல்லையில் கோபுரம் எதற்கு, காவலுக்குக் கட்டினார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, இணையத்தில் தேடினாலும் ஜெர்மனிலும் ஹங்கேரியனிலும்தான் நிறைய இருக்கிறது.

அப்பா நன்றாக நடப்பார், தினமும் காலையில் நடக்கிறவர். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் என்றால் சிரமம், படி இறங்குவது அதைவிடச் சிரமம். இரண்டு பேரையும் ஒரே நாளில் மேலே கொண்டுபோக வழி இருக்கிறதா? ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து ஏறுவதா, ஹங்கேரியப் பக்கத்திலிருந்து ஏறுவதா? அவர்கள் விசா ஒரே ஒரு முறை நுழைவுக்கானது, மலையில் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டு வந்தால் அதில் சிக்கல் வருமா? போனவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவி.

மேற்கு_வாசல் எழுதியது:

ஹங்கேரியில் சொம்பத்ஹேய் நகரத்தில் இருக்கிறேன், அந்த மலை எங்கள் வார இறுதி மலை. ஹங்கேரியர்கள் அதை ஈரோட்கோ என்பார்கள், பாதைப் பலகைகளில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

முதலில் உங்கள் அப்பாவின் கேள்வி, ஏனென்றால் அதுதான் அந்த இடத்தின் உயிரே. காவலுக்குக் கட்டியது இல்லை. கோபுரம் கட்டியது 1913. அந்த வருடம் அங்கே எல்லையே கிடையாது. இன்றைக்குப் பூர்கன்லாந்து என்கிற பகுதி அப்போது ஹங்கேரி அரசுக்குள் இருந்தது, மலையின் இரண்டு சரிவும் வாஷ் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கீழே நடந்து திரிந்தவர்கள் மேலே போய் நாலு திசையும் பார்ப்பதற்காகக் கட்டிய சாதாரணக் காட்சிக் கோபுரம் அது. அடுத்த வருடம் முதல் உலகப் போர் தொடங்கியது, போர் முடிந்ததும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தது, சமாதான ஒப்பந்தங்களில் மேற்கு ஹங்கேரியின் ஒரு நீளத் துண்டு ஆஸ்திரியாவுக்குப் போனது, 1921இல் பூர்கன்லாந்து என்ற புது மாநிலம் உருவானது. புது எல்லையை மலை முகட்டின் மேல் வரைந்தார்கள், முகட்டில் ஏற்கெனவே கோபுரம் நின்றது. எல்லைதான் கோபுரத்தைத் தேடி வந்தது. அப்பாவை அங்கே நிறுத்தி இதைச் சொல்லுங்கள், அப்புறம் அவரே உங்களுக்குப் பாடம் எடுப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், ஹங்கேரியப் பக்கத்திலிருந்து ஏறுங்கள். ஆஸ்திரியப் பக்கம் கார் கிட்டத்தட்ட மேல்வரை போய்விடும், இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து, ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். அப்படிப் பார்த்தால் அது இன்னொரு கோபுரம், அவ்வளவுதான். கோசெக் ஊரிலிருந்து காட்டு வழியாக ஏறி வந்தால் ஒரு மலைநாடு எப்படி இரண்டாகப் பிரிந்தது என்பது கால்களுக்கே புரியும்.

கோசெக்கிலிருந்து முழு ஏற்றம் ஏறக்குறைய 15 கி.மீ., ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓஹாஸ் என்ற குன்றில் இன்னொரு காட்சி மேடை உண்டு, அதைத் தாண்டி ஷ்டாயெர் வீடுகள் என்று பழைய வனத்துறை வீடுகள், அங்கே வனவியல் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது, அப்புறம் ஹோர்மன் ஊற்று. பாதை பெரும்பாலும் பீச் மரக்காடு, நிழல் நன்றாக இருக்கும். இவ்வளவு நீளம் வேண்டாம் என்றால் பொஜோக் அல்லது வெலெம் கிராமத்திலிருந்து ஏறுங்கள், தூரம் பாதிக்கும் குறைவு, நிதானமாக நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். இரண்டுமே ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரும் பாதைகள், அதனால் அம்மாவுக்கு ஆகாது, அப்பாவுக்கு ஆகும்.

கோபுரத்தின் மேலிருந்து ஒரு பக்கம் ஆல்ப்ஸ் மலைகள் வரிசையாகத் தெரியும், வானம் தெளிந்த நாளில் 2,076 மீட்டர் உயர ஷ்னேபெர்க் பளிச்சென்று நிற்கும். திரும்பிக் கிழக்கே பார்த்தால் கண் முட்டும்வரை சமவெளி. ஆல்ப்ஸ் மலைத்தொடர் முடிந்து ஹங்கேரியச் சமவெளி தொடங்குகிற ஓரத்தில்தான் நிற்கிறீர்கள் என்பது வரைபடம் இல்லாமலே தெரியும்.

பினிகா_ஆறு எழுதியது:

மேலே எழுதியவர் மலையை நேசிக்கிறார் என்பது தெரிகிறது, ஆனால் கேள்வியில் முழங்கால் வலியுள்ள ஒரு அம்மாவும் இருக்கிறார். தெற்கு பூர்கன்லாந்தில் குடியிருப்பவள் என்ற முறையில் ஆஸ்திரியப் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

வியன்னாவிலிருந்து காரில் வாருங்கள், எஸ்31 விரைவுச்சாலையில் தெற்கே இறங்கி லோக்கன்ஹவுஸ் ஊருக்கு வந்துவிடலாம். லோக்கன்ஹவுஸிலிருந்து ரெக்னிட்ஸ் போகிற சாலை இந்த மலையின் மேலேயே ஏறி இறங்குகிறது, சாலையின் உச்சி 800 மீட்டரைத் தாண்டிவிடும். அங்கே கார் நிறுத்தும் இடம் இருக்கிறது. அங்கிருந்து கோபுரத்துக்குக் காட்டுப் பாதையில் அரை மணிக்குள் போய்விடலாம், ஏற்றம் மெதுவானது. அம்மா இதைச் செய்ய முடியும், ஊன்றுகோல் இரண்டு வாங்கிக் கொடுங்கள், மலைநடைக்கென்றே நீளம் மாற்றக்கூடியவை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும், இறங்கும்போது முழங்காலுக்கு மிகப் பெரிய நிம்மதி. கோபுரத்தின் படிகளை மட்டும் அவர் முடிவுக்கே விடுங்கள். கீழே உட்கார்ந்தாலும் எல்லைக் கற்களைப் பார்க்கலாம், ஒரு முகத்தில் ஆஸ்திரியாவுக்கு இரண்டு புள்ளி வைத்த ஓ, மறு முகத்தில் மாஜாரோர்ஸாக், அதாவது ஹங்கேரிக்கான எம்.

விசா பற்றி: இரண்டு நாடும் ஷெங்கன் பகுதிக்குள்தான், ஹங்கேரி 2007 டிசம்பர் 21 அன்று சேர்ந்துவிட்டது. வியன்னாவில் இறங்கும்போது அவர்கள் ஷெங்கனுக்குள் நுழைந்தாயிற்று, அந்த ஒரு நுழைவு அதோடு சரி. அதற்குப் பிறகு ஆஸ்திரியாவிலிருந்து ஹங்கேரிக்குப் போவதும் வருவதும் புது நுழைவு ஆகாது, நாள் கணக்கு மட்டும் மொத்தமாக ஓடும். ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். 2015 அகதிகள் நெருக்கடியிலிருந்து ஆஸ்திரியா ஹங்கேரி எல்லையில் தற்காலிகச் சோதனை என்று நீட்டித்துக்கொண்டே இருக்கிறது, திரும்பி வருகிற சாலையில் போலீஸ் நிறுத்திக் கேட்பது சாதாரணம். உங்கள் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் நகல் மட்டும் போதாது.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள், உண்ணி. இங்கே உண்ணிக் கடியால் மூளைக்காய்ச்சல் வரலாம், லைம் நோயும் வரலாம். இங்கே வாழும் நாங்கள் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம், அது பல மாதங்களில் மூன்று தவணையாகப் போடுவது, சில வாரம் வந்து போகிறவர்களுக்கு முழுதாகப் போட நேரம் இருக்காது. லைம் நோய்க்கு அந்த ஊசி உதவாது. அதனால் முழுக்கை, முழுக்கால் உடுப்பு, காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிவிடுவது, புல்லுக்குள் உட்காராமல் பெஞ்சில் உட்காருவது, வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால், அக்குள், கழுத்து மயிரடி எல்லாம் பார்ப்பது. அக்டோபரிலும் உண்ணி இருக்கும், குளிர்ந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அம்மா சேலை கட்டிக்கொண்டு வருவார் என்றால் உள்ளே ஒரு லெக்கிங்ஸ் போடச் சொல்லுங்கள்.

மேலே சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீர், தயிர்சாதம், கொஞ்சம் சூடாக டீ எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் அந்த உச்சியில் செப்டம்பரிலேயே கை விறைக்கும்.

டான்யூப்_கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. விசா விஷயம் பெரிய கவலையாக இருந்தது, தீர்ந்தது.

மேற்கு_வாசல், எல்லைதான் கோபுரத்தைத் தேடி வந்தது என்று நீங்கள் எழுதியதை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன். அரை மணியில் திரும்ப அழைத்துவிட்டார். இப்போது அவர் கேட்பது இது: பனிப்போர்க் காலத்தில் அந்த எல்லை கம்யூனிச நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த இரும்புத் திரை ஆயிற்றே, அப்போது கோபுரம் யார் கையில் இருந்தது? நடுவில் கோடு போகிற கட்டடத்தை எப்படிப் பூட்டுவார்கள்? வேலி எங்கே ஓடியது?

பழைய_வரைபடம் எழுதியது:

உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து பேச ஆசையாக இருக்கிறது, அவ்வளவு சரியான கேள்வி. புடாபெஸ்டில் படிக்கிறேன், நவீன மத்திய ஐரோப்பிய வரலாறுதான் பாடம்.

வேலி கோட்டின் மேல் ஓடவில்லை. ஹங்கேரியப் பக்கத்தில், உண்மையான எல்லையிலிருந்து உள்ளே தள்ளி, சில இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளேயே போட்டிருந்தார்கள். தப்பி ஓடுகிறவர் வேலியைத் தாண்டியதும் ஆஸ்திரியாவுக்கு வந்துவிட்டதாக நினைப்பார், ஆனால் இன்னும் ஹங்கேரியக் காட்டுக்குள்தான் இருப்பார், காவல்படைக்குப் பிடிக்க நேரம் கிடைக்கும். ஆகவே கோபுரம் வேலிக்கு வெளியே, ஆஸ்திரியர்கள் வந்து போகிற பக்கத்தில் நின்றது. ஆஸ்திரியக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏறினார்கள். கீழே பொஜோக்கில் பிறந்து அந்த மலையைத் தினமும் ஜன்னலில் பார்த்து வளர்ந்த ஹங்கேரியன் அதன் உச்சிக்குப் போக முடியாது. உச்சி மட்டுமில்லை, எல்லையோரக் கிராமங்களே தனி மண்டலம், வெளியூர் உறவினர் வருவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

1949 வாக்கில் முள்வேலியும் கண்ணிவெடியும் வந்தன. 1956இல் கொஞ்ச காலம் வெடிகளை எடுத்திருந்தார்கள், அந்த வருட இறுதியில் ஹங்கேரியப் புரட்சியைச் சோவியத் படை நசுக்கியபோது சுமார் 2 லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள், பெரும்பாலோர் ஆஸ்திரியா வழியாக. பிறகு வெடிகளைத் திரும்பப் புதைத்தார்கள். 1960களில் அதற்குப் பதிலாக ஒரு மின் சமிக்ஞை வேலி போட்டார்கள். தொட்டால் ஆளைக் கொல்லாது, குறைந்த மின்னழுத்தம்தான், ஆனால் கம்பி தொடுபட்ட இடம் காவல் நிலையத்தில் தெரிந்துவிடும், நாயோடு படை கிளம்பும்.

இதில் உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி. அந்த வேலி விழுந்ததற்குப் பெரிய கொள்கை முடிவுகளோடு துருவுக்கும் பங்கு உண்டு. மானும் காட்டுப்பன்றியும் முயலும் மோதி ஓயாமல் பொய் எச்சரிக்கை, கம்பி துருப்பிடித்து அதனால் இன்னும் பொய் எச்சரிக்கை, மாற்றுக் கம்பியை மேற்கத்திய நாட்டிலிருந்து அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டிய நிலை. கடனில் மூழ்கியிருந்த நாட்டில் பிரதமர் நெமெத் மிக்லோஷ் அந்தச் செலவை வரவு செலவுத் திட்டத்திலிருந்தே நீக்கினார். 1989 மே 2 அன்று வேலியை அகற்றத் தொடங்கினார்கள். ஜூன் 27 அன்று இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் ஹோர்ன், மோக் இருவரும் கத்தரியோடு நின்று கம்பி வெட்டிய படத்தை உங்கள் அப்பா பார்த்திருப்பார், அது நடந்தது சோப்ரோன் பக்கம், அதே எல்லைதான். ஆகஸ்ட் 19 அன்று சோப்ரோன் அருகே நடந்த ஐரோப்பியப் பிக்னிக்கில் நூற்றுக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். பெர்லின் சுவர் விழ இன்னும் கிட்டத்தட்ட மூன்று மாதம் இருந்தது. காரில் வருகிறீர்கள் என்றால் அந்த இடத்தையும் வழியில் பார்க்கலாம், இப்போது நினைவுப் பூங்கா.

1921ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் எழுதியதும் நிலம் கைமாறிவிடவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஹங்கேரியத் துணைப்படைகள் ஆஸ்திரியர்களை உள்ளே விடாமல் சண்டை போட்டன. டிசம்பரில் சோப்ரோன் நகரத்திலும் அதைச் சுற்றிய சில கிராமங்களிலும் வாக்கெடுப்பு வைத்தார்கள், சோப்ரோன் ஹங்கேரியிலேயே நின்றது. அதற்குப் பின்னும் எல்லை ஆணையம் கிராமம் கிராமமாக எல்லையைத் திருத்திக்கொண்டே இருந்தது, 1923 வரை சில ஊர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைமாறின. கோசெக் ரயில் நிலையத்துக்குப் போனால் தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். 1908இல் அங்கிருந்து வடக்கே சோப்ரோன் வரை ரயில் பாதை போட்டிருந்தார்கள், புது எல்லை அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டியது, கடைசியில் கோசெக்குக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே ரயில் ஓடுவது நின்றே போனது. இன்றைக்கும் கோசெக்கிலிருந்து சோப்ரோனுக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் முதலில் நேர் எதிர்த் திசையில் தெற்கே சொம்பத்ஹேய்க்குப் போக வேண்டும். மலை உச்சியில் கோடு கோபுரத்தை ஒன்றும் செய்யவில்லை, கீழே ஊர்களுக்குத்தான் உறைத்தது.

ஆஸ்திரியப் பக்கம் இறங்கினால் ரெக்னிட்ஸைச் சும்மா கடந்து போகாதீர்கள். 1945 மார்ச் 24 இரவு அங்கே கோட்டை மாளிகையில் நாஜிகளின் விருந்து நடந்தது, அதே இரவில் சுமார் 180 ஹங்கேரிய யூதக் கட்டாயத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சோவியத் செம்படை வருவதைத் தடுக்க எல்லையோரம் பதுங்குகுழி வெட்டக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள், நடக்க முடியாமல் நோயில் தளர்ந்தவர்கள். பல முறை தோண்டித் தேடியும் அவர்களுடைய புதைகுழி கிடைக்கவில்லை. க்ரொய்ட்ஸ்ஷ்டாடல் என்ற இடிந்த கட்டடம்தான் நினைவிடம், ஊரின் வெளியே இருக்கிறது. வரலாறு எடுத்தவர் என்றால் இதை விட்டுவிட்டுப் போவதை அவரே விரும்ப மாட்டார்.

நீலக்கோடு எழுதியது:

எல்லோரும் வரலாறு பேசிவிட்டீர்கள், நான் நடைக்காரன், பாதையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹங்கேரியின் தேசிய நீலப் பாதை இந்தக் கோபுரத்தின் அடியில்தான் தொடங்குகிறது. இங்கிருந்து கிழக்கே நாடு முழுக்கக் குறுக்காக ஓடி, சுமார் 1,170 கி.மீ. தாண்டி, ஸ்லோவாக்கிய எல்லையை ஒட்டிய ஹோலோஹாசா கிராமத்தில் முடிகிறது. தொடக்கமும் எல்லை, முடிவும் எல்லை. இந்தப் பாதையின் முன்னோடியை 1938இல் ஹங்கேரியின் முதல் மன்னர் புனித ஸ்டீபன் இறந்து 900 ஆண்டு ஆனதை ஒட்டி அவர் பெயரில் திறந்தார்கள், ஐரோப்பாவின் மிகப் பழைய நெடுநடைப் பாதைகளில் அது ஒன்று. இதற்கென்று ஒரு சிறு புத்தகம் வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு குறித்த இடத்திலும் முத்திரை இருக்கும், அதைக் குத்திக்கொண்டே போகலாம். எந்தத் துண்டை முதலில் நடந்தாலும் சரி, எத்தனை வருடம் எடுத்தாலும் சரி, கெடு இல்லை. தொண்ணூறு வயதில் முடித்தாலும் ஏற்பார்கள். ஈரோட்கோ முத்திரை அந்தப் புத்தகத்தின் முதல் முத்திரை, ஒரு புத்தகம் வாங்கி அப்பாவுக்குக் கொடுங்கள், ஊருக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை. முத்திரை மை காய்ந்திருப்பது உண்டு, சின்ன மைப்பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதைக் குறிகள் தெரிந்தால் வழி கேட்கவே வேண்டாம். வெள்ளைப் பட்டை மேல் வண்ணக் கோடு, மரத்தில் பூசியிருக்கும். கிடைக்கோடு என்றால் முதன்மைப் பாதை. அதே நிறத்தில் முக்கோணம் வந்தால் உச்சிக்கோ காட்சி இடத்துக்கோ பிரியும் கிளை. உருண்டைப் புள்ளி என்றால் ஊற்றுக்குப் போகிறது, அங்கே தண்ணீர். கூட்டல் குறி இரண்டு பாதைகளை இணைக்கும் குறுக்குவழி. பாழடைந்த கோட்டைக்குப் போகிற பாதைக்கு இடிந்த சுவர் மாதிரி ஒரு மூலைக் குறி. எல்லையைத் தாண்டினால் இந்த முறை மாறிவிடும், ஆஸ்திரியாவில் சிவப்பு வெள்ளை சிவப்பு, கூடவே பாதை எண். அப்பா அரை மணி நடந்ததுமே இதையெல்லாம் படிக்கப் பழகிவிடுவார்.

மேற்கு_வாசல் சொன்ன 15 கி.மீ. பாதையைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. அதை ஏறாதீர்கள், இறங்குங்கள். நீலப் பாதையின் முதல் துண்டை கோபுரத்திலிருந்து தொடங்கிக் கோசெக் பக்கம் நடப்பதுதான் சுகம், உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சூரியன் முதுகுப் பக்கம் வரும், மாலையில் ஊருக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஊருக்குப் பக்கத்தில் ஏழு ஊற்று என்று ஒரு இடம், ஏழு ஹங்கேரியக் குலத் தலைவர்கள் பெயரில் ஏழு குழாய்கள், பழைய நடைக்காரர்கள் அங்கே நின்று முகம் கழுவாமல் போக மாட்டார்கள்.

பொஜோக் ஏற்றம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, சில இடங்கள் வெட்டுமரம் இழுத்த வண்டித்தடமாகச் சேறாகிக் கிடக்கும். வெலெம் வழி நல்லது. வெலெமுக்கு மேலே ஸென்ட் வீத் குன்று இருக்கிறது, உச்சியில் சிறு கோயில், அதன் அடியில் வெண்கலக் காலத்திலிருந்து கெல்ட்டுகள் காலம் வரை மனிதர்கள் குடியிருந்த இடம், அங்கே கிடைத்த வெண்கலப் பொருள்கள் தொல்லியலில் பெயர் பெற்றவை. சரிவு முழுக்கக் கஷ்கொட்டை மரங்கள், அக்டோபரில் காய் விழும், கிராமத்தில் கஷ்கொட்டைத் திருவிழாவும் நடக்கும், சுட்டுச் சுடச்சுடக் காகிதப் பொட்டலத்தில் கொடுப்பார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கும்.

டான்யூப்_கரை எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய_வரைபடம், ரெக்னிட்ஸ் பற்றி எழுதியதற்குத் தனியாக நன்றி, கண்டிப்பாக நிற்போம்.

இப்படி யோசித்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள். ஆஸ்திரியப் பக்கம் சாலை உச்சிக்குக் காரில் போகிறோம், மூன்று பேரும் மெதுவாகக் கோபுரம் வரை நடக்கிறோம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நானும் அம்மாவும் காருக்குத் திரும்புகிறோம், அப்பா மட்டும் ஹங்கேரியப் பக்கமாக வெலெமுக்கு இறங்குகிறார், நாங்கள் காரில் சுற்றிப்போய் அங்கே அவரை ஏற்றிக்கொள்கிறோம். அப்பாவைத் தனியாக அனுப்புவதுதான் யோசனையாக இருக்கிறது. மொழி தெரியாத காடு.

பினிகா_ஆறு எழுதியது:

திட்டம் நல்லது, ஆனால் அப்பாவைத் தனியாக விடாதீர்கள். பாதை ஆபத்தானது என்பதற்காகச் சொல்லவில்லை. இலை உதிர்ந்து பாதையை மூடியிருக்கும், கீழே ஈர வேர், கால் பிரண்டுவிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டும். போன் சிக்னல் அந்தச் சரிவில் இரண்டு நாட்டுக்கும் மாறி மாறித் தாவும், சில மடிப்புகளில் இருக்கவே இருக்காது. அவசரத்துக்கு 112 இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், ஆனாலும் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டுமே.

கார் ஓட்டத் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்து வாருங்கள். அவர் அம்மாவோடு காரில் இறங்கட்டும், நீங்கள் அப்பாவோடு நடங்கள். அவருக்கு அந்த நடையில் பேச ஆள் வேண்டும், அது நீங்களாக இருப்பதுதான் நல்லது. அம்மா நேராகக் கோசெக்குக்குப் போய் ஊருக்குள் இருக்கட்டும், தரை கல் பாவியது ஆனால் சமமானது, நல்ல காபிக்கடைகள் இருக்கின்றன. காலை 11 மணிக்கு முன்னால் போய்விட்டால் தேவாலய மணி கேட்கலாம். மற்ற ஊர்களில் பன்னிரண்டுக்கு அடிக்கிற மணியை அங்கே 11க்கும் அடிப்பார்கள். 1532இல் வியன்னாவைப் பிடிக்க வந்த துருக்கிய சுல்தான் சுலைமானின் பெரும்படையைக் கோட்டைத் தளபதி யூரிஷிச் மிக்லோஷ் எண்ணூறு பேர் அளவிலான சிறு படையோடு கோசெக்கின் சின்னக் கோட்டையில் மூன்று வாரத்துக்கு மேல் தடுத்து நிறுத்தினார், ஆகஸ்ட் 30 அன்று துருக்கியர்கள் கிளம்பிய நேரம் அது என்பார்கள்.

மேற்கு_வாசல் எழுதியது:

நான் ஹங்கேரியப் பக்கம் ஏறச் சொன்னேன், ஆனால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இந்தத் திட்டம்தான் சரி, அதுவும் அப்பா இறங்குவது அந்தப் பக்கம் என்பதால் எனக்கு மனநிறைவு. வெலெமில் முடியுங்கள், கோசெக் வரை இழுக்க வேண்டாம், முதல் நாளே அவரைக் களைப்பாக்கிவிடக் கூடாது.

வெலெம் என்றதும் நினைவு வந்தது, அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் செம்படை நெருங்கியபோது ஹங்கேரியின் புனித மணிமுடியைத் தலைநகரிலிருந்து மேற்கே கொண்டுவந்து கோசெக்கிலும் வெலெமிலும் ஒளித்து வைத்திருந்தார்கள், பிறகு அது ஆஸ்திரியாவுக்குள் போய், அமெரிக்கப் படையின் கையில் சேர்ந்து, 1978இல்தான் நாட்டுக்குத் திரும்பியது. அதாவது அந்த முடியும் இந்த மலையோரத்தைக் கடந்துதான் வெளியே போனது.

நாள் தேர்ந்தெடுப்பது முக்கியம். மழை பெய்து ஓய்ந்து வடமேற்குக் காற்று அடிக்கிற மறுநாள் போங்கள், தூரம் கழுவிவிட்டது போலத் தெரியும். காலையில் சமவெளியில் மூடுபனி இருந்தால் மனம் தளராதீர்கள், பல நாள் கீழே மூடியிருக்கும்போது மேலே வெயில் அடிக்கும். கிளம்பும் முன் ஆஸ்திரிய வானிலை நிலையத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். நெடுஞ்சாலைக் கட்டண வில்லை ஆஸ்திரியாவுக்கு வேண்டும். ஹங்கேரியில் நீங்கள் ஓட்டப்போவது கோசெக், வெலெம் சுற்றிய சிறு சாலைகள்தான், அதற்கு வேண்டியதில்லை. சொம்பத்ஹேய் பக்கம் விரைவுச்சாலையில் ஏறுவதாக இருந்தால் மட்டும் இணையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். அந்த வாரம் ஊரில் இருந்தால் நானே வெலெமிலிருந்து ஏறி வந்து கோபுரத்தில் அப்பாவைச் சந்திக்கிறேன், உங்கள் நண்பர் காரைப் பார்த்துக்கொண்டால் நாம் மூன்று பேரும் சேர்ந்து இறங்கலாம்.